அயல்மண்ணில் சீன ஓபராவைக் காப்பவர் யார்: பாடுபவரா, கேட்பவரா?

இளவேனில், சிங்கப்பூர்

சென்ற மாதம் எங்கள் அடுக்குமாடிப் பேட்டைக்கு அருகிலுள்ள சீனக் கோயிலில், தெய்வத்தின் பிறந்தநாளை முன்னிட்டு மூன்று இரவுகள், தென்சீன மொழியான ஹொக்கியனில் பாடப்படும் ஓபரா நடைபெற்றது. வழக்கம்போல மேடை சன்னதியைப் பார்த்தே கட்டப்பட்டிருந்தது. சீனத் தொன்மங்களில் வரும் சாகாவரம் பெற்ற எட்டு அமரர்கள் வந்து வாழ்த்தும் மங்கலக் காட்சி முதலில் தெய்வத்துக்காக ஆடப்பட்டது. பிறகுதான் கதை தொடங்கியது. மூன்றாம் இரவு நான் எண்ணிப் பார்த்தபோது நாற்காலிகளில் 11 பேர் இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்த மூதாட்டி ஓரிடத்தில் முகம் சுளித்துத் தலையை அசைத்தார். கதாநாயகி ஒரு சொல்லை ஹொக்கியன் ஒலிப்பில் பாடாமல் மாண்டரின் ஒலிப்பில் பாடிவிட்டாள் என்று இடைவேளையில் எனக்கு விளக்கினார்.

இந்த விவாதத்தை நான் தொடங்குவது அந்தக் காதுக்காகத்தான். சீனர்கள் மற்றச் சீன மொழிகளை விட்டு மாண்டரினையே பேச வேண்டும் என்று அரசு நடத்திய 'மாண்டரின் பேசும் இயக்கம்' 1979-இல் இங்கே தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஹொக்கியன், தியோச்சியூ, கேண்டனீஸ் ஆகிய தென்சீன மொழி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சியிலிருந்தும் வானொலியிலிருந்தும் பெரும்பாலும் விலக்கப்பட்டன. பாட்டியின் மொழி பேரனுக்குப் புரியாத வீடுகள் பெருகின. இப்படிக் கேட்பவர்கள் மறைந்துகொண்டிருக்கும் காலத்தில், ஆங்கிலத்தில் பாடும் ஓபராவையும், இரவு உணவோடு சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டப்படும் அரைமணி நேரத் துண்டுகளையும் சுட்டி, சீன ஓபரா அயல்நாடுகளில் தழைக்கிறது என்று எழுதுகிறார்கள். அவற்றை நான் இகழவில்லை. ஆனால் பழைய கலையைக் காப்பது என்ற பெயரை அவற்றுக்குக் கொடுப்பதை மறுக்கிறேன். பாடல் பிழைபட்டால் பிழை என்று அறியும் ஒருவர் அவையில் இல்லையென்றால், மேடையில் எஞ்சுவது உடையும் ஒப்பனையும்தான்.

கதிரவன்

இளவேனில் அம்மா, தங்கள் வருத்தத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. நான் ஹவாயில் சில ஆண்டுகள் படித்தவன். மனோவா வளாகத்தில் இருக்கும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் விக்மன் வால்சாக் என்னும் பேராசிரியை பீக்கிங் ஓபராவை ஆங்கிலத்தில் மேடையேற்றும் மரபு ஒன்றை உருவாக்கினார். அவர் நான்ஜிங் நகரில் முறையாகப் பயின்றவர்; மக்கள் சீனத்தின் மேடையில் அக்கலையை ஆடிய முதல் சீனரல்லாதவர் என்று அறியப்படுபவர். அவருடைய மாணவர்கள் ஆடிய முதல் நாடகம் 1985-இல் அரங்கேறி, அடுத்த ஆண்டே சீனாவுக்குச் சென்றது. சீனாவிலிருந்து ஆசிரியர்கள் வந்து மாதக்கணக்கில் தங்கி, நடை, கண்ணசைவு, நீண்ட வெண்பட்டுக் கைநுனியை வீசி மடிக்கும் முறை, பறைக்கும் மணித்தட்டுக்கும் இசைய அடியெடுத்து நிற்கும் முறை என ஒவ்வொன்றையும் மாணவர்களின் உடலில் ஏற்றினார்கள். இதையும் சுற்றுலா விடுதியில் காட்டப்படும் அரைமணி நேரத் துண்டையும் ஒரே வரியில் தாங்கள் நிறுத்தியது நியாயமாகாது.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பீக்கிங் ஓபராவின் மேடை மொழி பீக்கிங் தெருவில் பேசப்படும் மொழியன்று. பழைய யாப்பொலிகளும் ஹூபெய்ப் பகுதியின் ஒலிப்பும் கலந்த தனி மேடையொலிப்பு அது. பீக்கிங்கில் பிறந்தவரும் அதைக் கேட்டுப் பழகித்தான் புரிந்துகொள்கிறார். பழகிக்கொள்ளும் காது எங்கும் உருவாகலாம் என்பதுதான் என் கருத்து.

இளவேனில், சிங்கப்பூர்

ஹவாய் மாணவர்களின் உழைப்பைச் சுற்றுலா நிகழ்ச்சிகளோடு சேர்த்துப் பேசியது என் பிழை. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் மூலக் கேள்வி அப்படியே நிற்கிறது. சீன மொழிகளில் ஒரு சொல்லை ஒலிக்கும் குரலின் ஏற்ற இறக்கம், அதாவது தொனி, மாறினால் பொருளே மாறிவிடும். கேண்டனீஸ் ஓபராவில் பாடகர் மெட்டை வளைக்கும் இடங்களில் பலவற்றில் அந்தச் சொல்லின் தொனிதான் அவரை வளைக்க வைக்கிறது. ஒரே மெட்டு வேறு சொற்களைத் தாங்கும்போது வேறு உருவம் கொள்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு அத்தகைய தொனி இல்லை. அப்போது மெட்டு எதற்குக் கட்டுப்படுகிறது? நடையும் கைநுனியும் சீனாவிலிருந்து வந்திருக்கலாம், ஆனால் சொல்லிலிருந்து பண் பிறக்கும் உறவு கடலைக் கடக்கவில்லை. பழைய பீக்கிங் ரசிகர்கள் நாடகம் பார்க்கப் போகிறோம் என்று சொல்வதில்லை, நாடகம் கேட்கப் போகிறோம் என்றுதான் சொல்வார்கள். சரியான வளைவில் சரியான கணத்தில் அவையிலிருந்து 'ஹாவ்', அதாவது நன்று, என்று குரல் எழும். எந்த வளைவுக்கு அந்தக் குரலை எழுப்புவது என்று தெரிந்தவர்களைத்தான் நான் தேடுகிறேன்.

அருள்மொழி, வரலாற்று மாணவி

இருவரும் பழைய வடிவம் என்ற ஒன்று எங்கோ அசையாமல் இருந்தது போலப் பேசுகிறீர்கள். கேண்டனீஸ் ஓபராவையே எடுத்துக்கொள்வோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அது பெரும்பாலும் கேண்டனீஸ் மொழியில் பாடப்படவில்லை. வடபுலத்து அதிகாரமொழியைத் தழுவிய மேடை மொழியில் பாடப்பட்டது. மக்கள் மொழிக்கு அது முழுமையாக மாறியது 1920-களையும் 1930-களையும் ஒட்டித்தான். அதே காலத்தில் வயலினும் சாக்சபோனும் அதன் வாத்தியக் குழுவுக்குள் வந்தன. இன்று மரபு என்று நாம் போற்றுவதில் ஒரு பகுதி அன்றைய மூத்தவர்கள் கேட்டுக் கசந்த புதுமை.

இந்த மாற்றத்தில் அயல்நாட்டு மேடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1852 அக்டோபரில் 123 பேர் கொண்ட கேண்டனீஸ் குழு ஒன்று சான் பிரான்சிஸ்கோவில் ஆடியது. தங்கம் தேடி வந்த தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. அதன் பிறகு 1882-இல் சீனர்களை விலக்கும் சட்டம் வந்தது. 1943 வரை நீடித்தது. அந்தச் சட்டத்தின் கீழும் அரங்க உரிமையாளர்கள் பிணைத்தொகை கட்டி, குறித்த காலத்துக்கென்று நடிகர்களை வரவழைத்தார்கள். 1920-களில் அவ்வூரில் மாண்டரின் தியேட்டர், கிரேட் சைனா தியேட்டர் என்ற இரண்டு அரங்குகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. அங்கே நடிகைகள் ஆண் நடிகர்களோடு ஒரே மேடையில் ஆடி முன்னணி நட்சத்திரங்களாக விளங்கினார்கள். ஹாங்காங்கில் ஆணும் பெண்ணும் ஒரே குழுவில் ஆட அரசு இசைந்தது 1933-இல்தான். தாயகத்துக்கு முன்பே அயலகம் ஒரு வாசலைத் திறந்துவிட்டது. தாயகத்தில் பாட முடியாமற்போன காலமும் உண்டு: 1966 முதல் பத்தாண்டுகள், பண்பாட்டுப் புரட்சியின்போது, பெருநிலச் சீனாவில் பழைய நாடகங்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டு, புரட்சி மாதிரி நாடகங்களே ஆடப்பட்டன. அந்த ஆண்டுகளில் பழைய கதைகளைத் தொடர்ந்து பாடிய மேடைகளில் சிங்கப்பூர், மலாயாக் கோயில் மேடைகளும் அடங்கும்.

ஆகவே இளவேனில் அவர்களே, ஆங்கிலம் வந்தால் கலை முடிந்துவிடும் என்று சொல்வதற்கு முன், மொழி மாறிய பிறகும் கேண்டனீஸ் ஓபரா எப்படி அதே பெயரில் வாழ்ந்தது என்பதற்கு விடை சொல்ல வேண்டும்.

நடராசன், முன்னாள் பாங்காக்வாசி

தொழிலின் பொருட்டு 19 ஆண்டுகள் பாங்காக்கில் வாழ்ந்தவன் என்ற உரிமையில் சேர்ந்துகொள்கிறேன். அங்கே தியோச்சியூ ஓபராவை 'ங்கியூ' என்பார்கள். அக்குழுக்களில் ஆடுபவர்களுள் பலர் சீன வம்சாவளியினர் அல்லர். நாட்டின் வடகிழக்கான ஈசான் பகுதி ஏழைக் குடும்பங்களிலிருந்து இளமையிலேயே வந்து சேர்ந்தவர்கள். தியோச்சியூப் பாடல்களைத் தாய்லாந்து எழுத்தில் ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்து பாடுகிறார்கள். ஒரு நடிகர் ஒப்பனை செய்துகொண்டிருந்தபோது அத்தகைய நோட்டுப் புத்தகம் ஒன்றை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஓரங்கள் எண்ணெய் படிந்து, தொனிக்குறிகளின் மேல் சிவப்பு மையில் திருத்தங்களோடு இருந்தது. தாய்லாந்து மொழியிலேயே பாடும் ங்கியூ குழுக்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதிரவன் சொல்லும் மாணவனுக்குப் பொருள் புரிகிறது, மூலமொழி இல்லை. நான் பார்த்த நடிகருக்கு மூலமொழி வாயில் இருக்கிறது, பல வரிகளின் பொருள் தெரியாது. கேட்பவரும் குறைவு, கோயில் முற்றத்தில் பல இரவுகள் தெய்வம் மட்டுமே கேட்டது. இளவேனில் அவர்களின் அளவுகோலால் இந்த ஈசான் நடிகரை எங்கே வைப்பது? காப்பவர் என்று அவரைச் சொல்லத் தயங்கினால் அது பெரும் அநீதி என்று நினைக்கிறேன்.

இளவேனில், சிங்கப்பூர்

நடராசன் ஐயா, தங்கள் பதிவைப் படித்த பிறகு இரண்டு நாட்கள் எழுதவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தின் சிவப்பு மைத் திருத்தங்களைப் போட்டவர் யார் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் அந்த நடிகர் பாடுவதைக் கேட்டு, இது தவறு, இங்கே குரல் இறங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் இருக்கும்வரை அந்த நடிகர் தயக்கமின்றிக் காப்பவர்தான். கேட்பவர் அவையில்தான் அமர்ந்திருக்க வேண்டும் என்று நான் நினைத்தது குறுகிய பார்வை. திரைக்குப் பின்னாலும் இருக்கலாம்.

அருள்மொழிக்கு என் விடை இது: கேண்டனீஸ் ஓபரா மேடை மொழியை விட்டு மக்கள் மொழிக்கு வந்தபோது ஒரு தொனிமொழியிலிருந்து இன்னொரு தொனிமொழிக்கு வந்தது, அதனால்தான் சொல்லும் மெட்டும் புதிதாக ஒன்றையொன்று பற்றிக்கொள்ள முடிந்தது. மேலும், அந்த மாற்றத்தைத் தினந்தோறும் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த பல்லாயிரம் பேர் கேட்டு ஏற்றார்கள், மறுத்தார்கள், திருத்தினார்கள். ஆங்கில ஓபராவுக்கு அத்தகைய அவை எங்கே இருக்கிறது?

கதிரவன்

அவை எப்போதும் முதலில் வருவதில்லை என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்று இருக்கிறது. பீக்கிங் ஓபராவுக்கும் முந்திய குன்ச்சு என்னும் இசைநாடக மரபு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. 1921-இல் சூச்சோ நகரில், அக்கலையைத் தொழிலாகக் கொள்ளாத ஆர்வலர்கள் சேர்ந்து ஒரு பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தி, சில பத்துச் சிறுவர்களுக்கு எஞ்சியிருந்த மூத்த நடிகர்களைக் கொண்டு கற்பித்தார்கள். மாணவர்களின் மேடைப்பெயர்களில் 'கையளித்தல்' என்று பொருள்படும் 'சுவான்' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள். இன்று சீனாவில் குன்ச்சு ஆடும் பெருங்கலைஞர்களுள் பலர் அந்தச் சிறுவர்களின் மாணவர் வழியில் வருபவர்கள். 2001-இல் யுனெஸ்கோ அக்கலையைச் சிறப்பித்தபோது சிறப்பிக்கப்பட்டது அந்தச் சங்கிலியும்தான்.

அந்தச் சங்கிலி அமெரிக்காவுக்கும் நீண்டது. நியூயார்க்கில் 1988-இல் குன்ச்சு சங்கம் ஒன்று தோன்றியது. ஷாங்காய்க் குன்ச்சு குழுவின் தலைவராக இருந்த ஹுவா வென்யீ 1989-இல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்; 1997-இல் அந்நாட்டின் தேசிய மரபுக்கலை விருதைப் பெற்றார். பீக்கிங் ஓபராவின் சி ஷூஃபாங் நியூயார்க்கில் குழு அமைத்து, 2001-இல் அதே விருதைப் பெற்றார். தாயகத்தில் ஆயிரம் பேர் அமரும் அரங்குகளை நிரப்பியவர்கள் பள்ளிக்கூட மண்டபங்களிலும் நூலகங்களிலும் ஆடத் துணிந்தார்கள். அவர்களுக்கு முன் அமர்ந்தவர்களுள் பலருக்கு எந்த வளைவுக்கு 'ஹாவ்' என்பது என்று தெரிந்திருக்காது. அதனால் அவர்கள் ஆடியது குறைந்துபோயிற்றா? பாடுபவர் ஒருவர் முழுமையாகக் கற்றிருந்தால், கேட்பவரைப் பிறகு உருவாக்கலாம். கேட்பவர் மட்டும் எஞ்சினால் அவரைக் கொண்டு ஒரு வரிகூட மேடையேறாது.

தங்கள் ஊரிலேயே ஜோனா வோங் இருக்கிறார். பல்கலைக்கழக நிர்வாகப் பணியில் இருந்துகொண்டே கேண்டனீஸ் ஓபரா ஆடியவர். 1981-இல் கணவரோடு சேர்ந்து ஒரு நாடக வட்டத்தைத் தொடங்கியவர். அதே ஆண்டு அரசின் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவருடைய குழு ஆங்கிலத்திலும் மேடையேற்றியது. மூல மொழியில் பாடும் ஆற்றல் உடையவரே ஆங்கிலத்தையும் நாடியிருக்கிறார் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அருள்மொழி, வரலாற்று மாணவி

கதிரவன், ஜோனா வோங்கின் எடுத்துக்காட்டு உங்கள் வாதத்துக்கு முழுமையாக உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை. அவரிடம் இரண்டும் இருந்தன. ஆங்கிலம் மட்டும் கற்ற மாணவன் அடுத்த மாணவனுக்கு எதைக் கையளிப்பான் என்பதுதான் இளவேனிலின் கவலை. ஹவாயிலும் ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்து ஆசிரியரை வரவழைக்க வேண்டியிருந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மற்றபடி, 1930-இல் பீக்கிங் ஓபராவின் புகழ்பெற்ற நடிகர் மெய் லான்ஃபாங் அமெரிக்கா சென்றபோது நீண்ட பாடல்களைக் குறைத்து, ஆடலும் அபிநயமும் மிகுந்த காட்சிகளைத் தேர்ந்தெடுத்தார் என்பதை நினைவூட்டுகிறேன். அவர் துண்டுகளைத்தான் காட்டினார். ஆகவே துண்டு என்பதற்காக மட்டும் எதையும் தள்ளிவிடாதீர்கள்.

கதிரவன்

ஆசிரியர் கடல் கடந்து வர வேண்டியிருந்தது என்பதை ஏற்கிறேன். இளவேனில் அம்மாவிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன்: அன்று கோயில் மேடையில் தவறாகப் பாடிய அந்தக் கதாநாயகி யார்? அவள் எப்படிக் கற்றாள்?

இளவேனில், சிங்கப்பூர்

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அவளுக்கு 20 வயதைச் சற்றுக் கடந்திருக்கும். சிங்கப்பூரில் பிறந்தவள், வீட்டில் மாண்டரினும் ஆங்கிலமும் மட்டுமே. பாட்டைச் சீன எழுத்தில் எழுதி, அதன் மேல் ஹொக்கியன் ஒலிப்பை ஆங்கில எழுத்தில் குறித்துக்கொண்டு கற்கிறாள். நடராசன் ஐயா சொன்ன ஈசான் நடிகரின் நிலைக்கும் இவளது நிலைக்கும் அதிக தூரமில்லை என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நாடகம் முடிந்ததும் அந்த மூதாட்டி நாற்காலியைப் பிடித்து எழுந்து, மேடையின் பின்புற ஏணிவரை நடந்துபோய், அவளைக் கூப்பிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிக் காட்டினார். அவள் பாதி ஒப்பனையைத் துடைத்த முகத்தோடு இறங்கி வந்து மூன்று முறை திருப்பிச் சொன்னாள். மூன்றாம் முறைதான் மூதாட்டி தலையசைத்தார். அவருக்கு 83 வயது. அக்குழு எங்கள் கோயிலில் மீண்டும் ஆடப்போவது அடுத்த ஆண்டு. அதற்குள் அவருடைய வீட்டுக்குப் போய், அவருக்குத் தெரிந்த பாடல்களைச் சொல் சொல்லாக ஒலிப்பதிவு செய்ய அந்தப் பெண்ணும் நானும் அனுமதி கேட்டிருக்கிறோம். ஆங்கில ஓபராவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை, கதிரவன். ஆனால் உங்கள் ஹவாய் ஆசிரியர்கள் தொனியை மாணவர்களுக்கு எவ்வாறு எழுதிக் காட்டினார்கள் என்று தெரிந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள். எங்களுக்கு அது உடனே தேவைப்படுகிறது.