விடுமுறைக்குப் பின் ஆய்வகக் கணினிகளுக்கு ஐபி முகவரி கிடைக்கவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 கணினிகள் உள்ளன. விண்டோஸ் சர்வர் ஒன்று டிஎச்சிபி (கருவிகளுக்கு ஐபி முகவரியைத் தானாக வழங்கும் முறை) மூலம் 192.168.1.101 முதல் 192.168.1.200 வரையுள்ள முகவரிகளை வழங்குகிறது. விடுதி மாணவர்களின் கைபேசிகள் இணையும் வைஃபையும் இதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. பத்து நாள் விடுமுறைக்குப் பின் ஆய்வகத்தைத் திறந்தபோது, பாதிக் கணினிகள் 169.254 என்று தொடங்கும் முகவரியைக் காட்டின. கமாண்ட் ப்ராம்ப்டில் முகவரியை விடுவிக்க ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு மீண்டும் பெற ‘ஐபிகான்ஃபிக் /ரினியூ’ கொடுத்தால், சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வருகிறது. கேபிளும் சுவிட்சும் நன்றாகவே உள்ளன. இரவில் பெரும்பாலான கைபேசிகள் அணைக்கப்பட்ட பிறகும் இதே நிலைதான். அணைத்தவுடன் அவற்றின் முகவரிகள் சர்வருக்குத் திரும்பிவிட வேண்டாமா?

பதில் 1:
ஐயா, 169.254 சர்வர் கொடுத்த முகவரி அன்று. கேட்டும் பதில் வராதபோது விண்டோஸ் தானே வைத்துக்கொள்வது. சர்வரின் டிஎச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் லீசஸ்’ பட்டியலைத் திறந்து பாருங்கள் (லீஸ் என்பது ஒரு கருவிக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு முகவரியைக் கொடுத்துவைப்பது). நூறு முகவரிகளும் தீர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கொடுக்க எதுவும் இல்லாத சர்வர் மறுமொழி அனுப்பாது என்பதால்தான், அது இயங்கிக்கொண்டிருந்தும் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற செய்தி வருகிறது.

கணினியை அணைத்தாலும் கைபேசியைத் துண்டித்தாலும் முகவரி பெரும்பாலும் திரும்புவதில்லை. முகவரி பெறும்போது தேடல், வழங்கல், கோரல், ஒப்புதல் என நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. விடுவிக்கும்போது கருவியிலிருந்து ஒரே ஒரு செய்திதான் போகும், அதற்குப் பதிலும் கிடையாது. அதையும் அனுப்பாமல் போகிற கருவியின் முகவரியை, லீஸ் காலம் முடியும்வரை சர்வர் அதன் பெயரிலேயே வைத்திருக்கும். விண்டோஸ் சர்வரில் இயல்பான லீஸ் 8 நாள். இயங்கும் கணினி 4ஆம் நாளில் அதே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் வராவிட்டால் 7ஆம் நாளிலிருந்து நெட்வொர்க்கில் உள்ள எந்த சர்வரிடமும் கேட்கும். உங்கள் ஆய்வகம் பத்து நாள் அணைந்திருந்ததால் எந்தக் கணினியும் கேட்கவில்லை. காலாவதியான அம்முகவரிகளை விடுதிக் கைபேசிகள் பெற்றுக்கொண்டன. ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய கைபேசிகள் இயல்பாக வைஃபைக்கு உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவியின் நெட்வொர்க் அடையாள எண்ணை, காட்டாமல் புதியதொன்றை உருவாக்கிக்கொள்கின்றன. இந்த அமைப்பை மாற்றினால் சர்வர் அதை வேறு கருவி என்று எண்ணும் என்பதால், ஒரே கைபேசி இரண்டு லீஸ்களைப் பிடித்திருக்கவும் கூடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பட்டியல் நிரம்பித்தான் இருக்கிறது. எல்லா லீஸ்களையும் அழித்துவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். அழித்தாலும் அந்த லீஸைப் பெற்ற கைபேசிக்கு அது தெரியாது. அது தன் முகவரியைப் பயன்படுத்திக்கொண்டே இருக்கும்போது சர்வர் அதையே வேறொரு கணினிக்கு வழங்கினால், இரண்டும் மோதும். வளாகத்தில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த கருவிகளின் லீஸ்களை மட்டும் நீக்குங்கள்.

இன்றைக்குக் கணினிகள் இயங்க, 192.168.1.201 முதல் 192.168.1.250 வரை வேறெதற்கும் கையால் கொடுக்கப்படவில்லை என்று பார்த்துவிட்டு, ஸ்கோப்பின் (சர்வர் வழங்கும் முகவரி வரம்பின்) முடிவு முகவரியை அதுவரை நீட்டுங்கள். பிறகு 40 கணினிகளுக்கும் அவற்றின் மேக் முகவரியைக் கொண்டு ரிசர்வேஷன் (ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பது) போட்டுவிடுங்கள். எவ்வளவு நாள் அணைந்திருந்தாலும் அந்த முகவரிகள் வேறு யாருக்கும் போகா. நிரந்தரத் தீர்வு, விடுதி வைஃபையைத் தனி விலேனுக்கு (அதே சுவிட்சுகளில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்குக்கு) மாற்றி, அங்கு லீஸ் காலத்தைச் சில மணி நேரமாகக் குறைப்பதுதான். குறைத்த காலம் புதிதாக வாங்கும் அல்லது புதுப்பிக்கும் லீஸ்களுக்கே பொருந்தும். ஏற்கெனவே 8 நாளுக்குப் பெற்றவை தம் நாள் முடியும்வரை பட்டியலில் நீடிக்கும்.

இன்னொன்று: தொலைவிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்யும்போது ரிலீஸ் கட்டளையைத் தனியாகக் கொடுக்காதீர்கள். முகவரி போனதும் உங்கள் இணைப்பும் அறுந்துவிடும். ரினியூ கொடுக்க ஒருவர் அந்தக் கணினியின் முன் நேரில் உட்கார வேண்டியிருக்கும்.