அக்காவின் கண் டாக்டரைக் கணக்குப் போட்டுப் பார்த்த கதை

அல்சூரிலிருந்து:

கண் டாக்டரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பெங்களூர்க்காரர்களான எங்களைக் கேட்டிருந்தீர்கள் (அவரவர் ஏரியா பெயரிலேயே எழுதுகிறோம்). நான் தேர்ந்தெடுக்கவில்லை, துப்பறிந்தேன். கேவலப்பட்ட கதைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். வயது 68, இருபது வருஷமாக சுகர். போன வருஷம் இடது கண்ணில் எழுத்தெல்லாம் நெளிந்து தெரிய ஆரம்பித்தது. விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறது, ஆரம்பத்தில் மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும் என்றார் டாக்டர். கண்ணுக்குள்ளேயா என்று அவள் போட்ட சத்தம் அல்சூர் ஏரி வரை கேட்டிருக்கும். நான் பெங்களூரில் பதினெட்டு வருஷமாக டேட்டா பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன். "கவலைப்படாதே, ஆள் எப்படி என்று நான் பார்த்துச் சொல்கிறேன்" என்று வாயை விட்டேன்.

பார்க்கவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதானவர்களுக்கு அரசு தரும் காப்பீடு மெடிகேர். எந்த டாக்டருக்கு, எந்தச் சிகிச்சைக்கு, எத்தனை தடவை, எவ்வளவு பணம் கொடுத்தோம் என்ற கணக்கை அவர்கள் 2014 ஏப்ரலில் முதன்முதலாகப் பொதுவில் வைத்தார்கள். 2012-ஆம் ஆண்டுக் கணக்கு அது. டாக்டர்களும் மற்றவர்களுமாக 8,80,000-க்கு மேற்பட்டவர்கள், 7,700 கோடி டாலர். அதில் முதலிடத்தில் நின்றவர் ஃபுளோரிடாவின் ஒரு கண் டாக்டர். ஒரே வருஷத்தில் சுமார் 2.1 கோடி டாலர்! அதில் பெரும்பகுதி மருந்து விலை என்று அவர் தரப்பில் சொன்னார்கள். 2017-இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இந்தக் கதை தெரிந்துவிட்டதால் எனக்கு எந்தக் கண் டாக்டரைப் பார்த்தாலும் சந்தேகம்தான்.

இரவு ஒரு மணி. அக்காவின் டாக்டர் பெயரைப் போட்டுத் தேடினேன். ஐலியா என்ற ஊசி மருந்துக்கான கணக்கு ஒரு வரியில் வந்தது. ஜே0178 என்பது அதன் குறியீடு. நோயாளிகள் 149, சேவைகள் 2,384. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 16! வருஷத்துக்கு 12 மாதம்தானே? உடனே போன் போட்டு, "அந்த ஆள் கொள்ளையடிக்கிறான், போகாதே" என்றேன். அக்கா பயந்துபோய் அடுத்த வாரத்து ஊசியை ரத்து செய்துவிட்டாள்.

மிச்சத்தை ராஜாஜிநகர் மேடமே சொல்லட்டும். அன்றைக்கு என்னை மானத்தோடு காப்பாற்றியவர் அவர்தான்.

ராஜாஜிநகரிலிருந்து:

காப்பாற்றவில்லை சார், திட்டினேன். நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதிப்பவள், கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. இவர் ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் கேட்டேன்: சேவை என்றால் ஊசி என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தக் குறியீடு ஒரு மில்லிகிராமுக்கு. ஒரு ஊசியில் போவது 2 மில்லிகிராம். ஆக ஒரு ஊசி இரண்டு சேவையாக ஏறும். 16-ஐப் பாதியாக்குங்கள், 8 வரும். இந்த நோய்க்கு முதல் ஐந்து ஊசி மாதம் ஒன்று, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதுதான் மருந்தின் அட்டவணை. முதல் வருஷத்தில் எட்டு, ஒன்பது வரும். அந்த டாக்டர் புத்தகப்படி போட்டிருக்கிறார்! லூசென்டிஸ் என்ற இன்னொரு கண் ஊசி மருந்தின் வரியைப் பார்த்திருந்தால் இவர் போலீஸுக்கே போயிருப்பார். அதில் சேவை என்பது 0.1 மில்லிகிராம், ஒரு 0.5 மில்லிகிராம் ஊசி ஐந்தாக ஏறும். ஊசி போட்ட எண்ணிக்கை வேண்டுமென்றால் 67028 என்ற வரியைப் பார்க்க வேண்டும், அது மருந்து இல்லை, ஊசி போடும் வேலைக்கான குறியீடு.

இன்னொன்று, அது நேரடி மெடிகேர் நோயாளிகளின் கணக்கு மட்டும். தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜில் இருப்பவர்கள் அதில் இல்லை, இப்போது பாதிக்கு மேல் அவர்கள்தான். 11 பேருக்குக் குறைவாகச் செய்த சிகிச்சையின் வரியையும் வெளியிட மாட்டார்கள். அதனால் வரி இல்லை என்பதற்காக அந்த டாக்டர் அதைச் செய்ததே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ஆனால் சந்தேகமே படக் கூடாதா என்றால், படலாம். மருந்துக்கு மெடிகேர் சராசரி விற்பனை விலைக்கு மேல் 6 சதவீதம் சேர்த்து டாக்டருக்குக் கொடுக்கிறது. ஐலியா ஒரு ஊசியின் பட்டியல் விலை 1,800 டாலருக்கு மேல், அதே வேலைக்குப் போடும் அவாஸ்டின் சுமார் 50 டாலர். 6 சதவீதத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். முதுமையில் வரும் விழித்திரைக் கோளாறுக்கு அவாஸ்டினும் லூசென்டிஸும் ஏறக்குறைய ஒரே பலன் என்று 2011-லேயே அமெரிக்க அரசு செலவில் நடந்த ஆய்வு சொல்லிவிட்டது. சுகரால் வரும் வீக்கத்துக்குப் பார்வை மோசமாக இருந்தால் ஐலியா மேல் என்று 2015-இல் இன்னொரு ஆய்வு. அதனால் அக்காவிடம் சொன்னேன்: "எனக்கு ஏன் விலை கூடிய ஊசி?" என்று டாக்டரையே கேளுங்கள்.

ஜாலஹள்ளியிலிருந்து:

அமெரிக்காவில் எண்ணிக்கையாவது கிடைக்கிறது. நம் ஊரில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். வீட்டம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லென்ஸ் மட்டும் ஒரு கண்ணுக்கு அறுபதாயிரம் என்றார்கள், கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று லென்ஸின் படம் காட்டி, ஐபோன் விற்பது போலப் பேசினாள். டாக்டர் பெயரைக் கர்நாடக மருத்துவக் கவுன்சில் பதிவில் தேடினேன், பதிவு எண், படிப்பு, வருஷம் எல்லாம் இருந்தது. சரி, போலி இல்லை. அவ்வளவுதான் தெரிந்தது. எத்தனை ஆபரேஷன் செய்தார், எத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்பதற்கு ஒரு வரி கிடையாது.

நான் மதுரைக்காரன். எங்கள் ஊர் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தது, வருஷா வருஷம் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை ஆபரேஷன் என்று அறிக்கை போடுகிறது. அந்தப் பழக்கத்தில் இங்கே டாக்டரிடமே நேராகக் கேட்டேன், "சார், நூறு பேரில் எத்தனை பேருக்குச் சிக்கல் வருகிறது?" பக்கத்தில் நின்ற நர்ஸ் மூச்சை அடக்கிக்கொண்டாள். டாக்டர் சட்டென்று நோட்டை எடுத்து, போன வருஷம் தான் செய்தது இத்தனை, கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் பின்பக்க உறை கிழிந்தது இத்தனை என்று காட்டினார். அவரிடம்தான் செய்தோம், ஆனால் விலை குறைந்த சாதா லென்ஸ். டிஸ்சார்ஜின்போது லென்ஸ் டப்பாவின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ஒட்டி வைத்திருக்கிறேன்.

ராஜாஜிநகரிலிருந்து:

ஜாலஹள்ளி சார், சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் கண் மருத்துவர்களின் ராயல் காலேஜ் நடத்தும் தணிக்கையில் அந்த உறை கிழிந்த விகிதத்தைத்தான் வெளியிடுகிறார்கள், ஆபரேஷன் செய்பவர் வாரியாகவே. கஷ்டமான கண் எவ்வளவு வந்தது என்பதையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்வார்கள். கல்லாக முற்றிய புரையெல்லாம் சீனியரிடம்தான் போகும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் நல்ல டாக்டர்தான் பட்டியலில் கடைசியில் நிற்பார்.

அல்சூரிலிருந்து:

அக்கா கேட்டுவிட்டாள். டாக்டர் கோபப்படவில்லையாம், அவளுடைய ஸ்கேன் படத்தைக் காட்டிக் கால் மணி நேரம் விளக்கினாராம். மருந்துக் கம்பெனிகள் டாக்டர்களுக்குக் கொடுப்பதை வெளியிடும் ஓப்பன் பேமென்ட்ஸிலும் பார்த்தேன் (பழக்கதோஷம்). நாலைந்து மதியச் சாப்பாடு, தலைக்கு இருபது டாலருக்குள். இப்போது ஐந்தாவது ஊசி முடிந்திருக்கிறது, எழுத்து நெளிவது குறைந்திருக்கிறது என்கிறாள். ரத்து செய்ததால் மூன்று வாரம் தள்ளிப்போனதை மட்டும் ஒவ்வொரு போனிலும் சொல்லிக் காட்டுகிறாள்.