கெர்னல் சோர்ஸ்: டார்பாலா, கிட்டா? பேட்ச் போட்டால் பிழை வேறு வருகிறது

வெண்பலகை:
லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் 6.6 வரிசையை, சோர்ஸ் கோடிலிருந்து நானே பில்டு செய்து பயன்படுத்துகிறேன். ஒரு டிரைவரில் என் சொந்தத் திருத்தங்கள் கொஞ்சம் உண்டு. புது ஸ்டேபிள் வெளியீடு (பிழை திருத்திய சிறு பதிப்பு) வரும்போதெல்லாம், முழு சோர்ஸும் ஒரே சுருக்கிய ஃபைலாக வரும் டார்பாலை இறக்கி, திருத்தங்களைக் கையால் மறுபடி சேர்ப்பது அலுத்துவிட்டது. மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில் குளோன் (முழு நகல்) போட்டால், இணைப்பு நடுவில் அறுந்ததும் வந்தவரைக்கும் எல்லாம் போய்விடுகிறது. சரி, மாறிய வரிகளை மட்டும் கொண்ட பேட்ச் ஃபைல் சிறியதாயிற்றே என்று 6.6.8 மேல் 6.6.9 பேட்சைப் போட்டேன். 'ரிவர்ஸ்டு ஆர் ப்ரீவியஸ்லி அப்ளைடு பேட்ச் டிடெக்டட்' என்று ஃபைலுக்கு ஃபைல் நிற்கிறது. டிஸ்க்கிலும் இடம் குறைவு. எந்த வழியில் போகலாம்?

துருப்பிடித்தகம்பி:
ஸ்டேபிள் பேட்ச் எப்போதும் அடிப்படை வெளியீட்டின் மேல் போட வேண்டியது. 6.6.9 பேட்ச் 6.6-இன் மேல்தான் பொருந்தும். 6.6.8 வரையிலான மாற்றங்களும் அதற்குள் இருப்பதால்தான் 'ஏற்கெனவே போட்டாச்சே' என்று கேட்கிறது. 6.6.8 பேட்சை ரிவர்ஸ் ஆப்ஷனோடு ஓட்டிக் கழற்றிவிட்டு 6.6.9-ஐப் போடுங்கள். இல்லையென்றால் கெர்னல் தளத்திலேயே 'இன்கர்' என்ற அடைவில் 8-இலிருந்து 9-க்கு மட்டும் போகும் பேட்ச் இருக்கும், அது நேராக ஏறும். முதலில் டிரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) பாருங்கள். 'தலைகீழாகப் போடவா' என்று அது கேட்கும் கேள்விக்கு மட்டும் 'ஒய்' (ஆம்) அழுத்திவிடாதீர்கள், பாதி மரம் (சோர்ஸ் அடைவு) பழைய நிலைக்குப் போய்விடும்.

என்னைக் கேட்டால் உங்களுக்கு டார்பாலும் இன்கர் பேட்சும் போதும். டார்பால் சுமார் 140 எம்பிதான், அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து இறக்கலாம்.

கர்சர்:
திருத்தமே இல்லாதவருக்கு அது சரி. சொந்த மாற்றங்களை வைத்துக்கொண்டு பேட்ச் மேல் பேட்ச் போடுவது தலைவலி. எது உங்களுடையது, எது அவர்களுடையது என்று பிறகு பிரிக்கவே முடியாது.

குளோன் போட வேண்டாம். காலி அடைவில் கிட் இனிட் செய்து, ஸ்டேபிள் ரெப்போவை (கோடு இருக்கும் கிட் களஞ்சியம்) ரிமோட்டாகச் சேர்த்து, 6.6.8 டேகை (அந்த வெளியீட்டின் பெயர்க்குறி) மட்டும் டெப்த் 1 வைத்து ஃபெட்ச் செய்யுங்கள், அதாவது இறக்குங்கள். வரலாறு வராது, அந்த நிலையின் சோர்ஸ் கோடு மட்டும் வரும். ஒரு ஃபெட்ச் பாதியில் அறுந்தால் அதை மட்டும் மறுபடி தொடங்க வேண்டும், முன்பே முடிந்த ஃபெட்சுகள் அப்படியே இருக்கும். அந்த டேகிலிருந்து ஒரு பிராஞ்ச் (தனிக் கிளை) எடுத்து உங்கள் திருத்தங்களை கமிட் செய்யுங்கள் (வரலாற்றில் பதியுங்கள்). அடுத்த முறை 6.6.9 டேகை அதேபோல் ஃபெட்ச் செய்தால், பெரும்பாலும் மாறிய ஃபைல்கள் மட்டுமே வரும்.

இங்கேதான் பலர் மாட்டுவார்கள். புது டேகை உங்கள் பிராஞ்சோடு மெர்ஜ் செய்யப் (இணைக்கப்) பார்த்தால் வரலாறுகளுக்குத் தொடர்பில்லை என்று கிட் மறுத்துவிடும். அதற்குப் பதில் ரீபேஸ் (கமிட்டுகளை வேறு அடிப்படைக்கு மாற்றுவது) செய்து, அதற்கு 'ஆன்டோ' ஆப்ஷன் கொடுங்கள்: புது டேக், பழைய டேக், உங்கள் பிராஞ்ச், இந்த வரிசையில். உங்கள் கமிட்டுகளை மட்டும் பிய்த்தெடுத்து 6.6.9 மேல் வைக்கும். கான்ஃப்ளிக்ட் (இரு மாற்றங்கள் மோதுவது) வந்தால் உங்கள் டிரைவர் ஃபைலில்தான் வரும்.

மூன்றாம்பிறை:
கர்சர் சொன்னதில் ஒரு ஓட்டை: 6.6.9-இல் திடீரென்று ஏதாவது உடைந்தால் பைசெக்ட் செய்ய (எந்தக் கமிட் உடைத்தது என்று பாதி பாதியாகத் தேட) வரலாறு கையில் இருக்காது. அப்போது ஃபெட்சில் 'ஷாலோ எக்ஸ்க்ளூட்' ஆப்ஷனுக்கு 6.6 டேகைக் கொடுங்கள். அதற்குப் பிந்தைய கமிட்டுகள் மட்டும் வந்து சேரும், கெர்னலின் கிட் வரலாறு தொடங்கும் 2005 வரைக்கும் போக வேண்டியதில்லை.

முழு வரலாறும் வேண்டும், ஆனால் இணைப்பு நம்பகமில்லை என்பவர்களுக்கு: கெர்னலை உருவாக்கிய லினஸின் மரத்தை கெர்னல் தளம் குளோன் பண்டில் என்று ஒரே ஃபைலாகவும் தருகிறது. டபிள்யூகெட் என்ற இறக்கும் கருவியை வைத்து விட்டுவிட்டு இறக்கலாம், அப்புறம் அந்த ஃபைலிலிருந்தே குளோன். சில ஜிபி ஆகும், உங்கள் டிஸ்க் தாங்காது என்று நினைக்கிறேன். பிளாப் (ஃபைல்களின் உள்ளடக்கம்) இல்லாத பார்ஷியல் குளோனும் உண்டு. கமிட்டுகள் எல்லாம் இருக்கும், பழைய ஃபைல்கள் தேவைப்படும்போது வரும். ஆனால் பிளேம் (எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று காட்டுவது) ஓட்டும்போது, இன்னும் வராத பழைய ஃபைல்களுக்கு நெட் கேட்கும். உங்கள் இணைப்புக்கு ஒத்துவராது.

வெண்பலகை:
இன்கர் பேட்ச் சுத்தமாக ஏறிவிட்டது, நன்றி. கர்சர் சொன்னபடி ஃபெட்சும் ஆரம்பித்துவிட்டேன். இன்னொரு சந்தேகம்: டார்பாலின் கையொப்பத்தை (அசல் ஃபைல்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம்) சரிபார்த்தால் 'பேட் சிக்னேச்சர்' என்கிறது. இறக்கியதில் கோளாறா?

துருப்பிடித்தகம்பி:
எக்ஸ்இசட் முறையில் சுருக்கிய ஃபைலோடு ஒப்பிட்டிருப்பீர்கள். கெர்னலில் கையொப்பம் சுருக்காத டார் ஃபைலுக்குத்தான் போடப்படுகிறது. எக்ஸ்இசட்டை விரித்துவிட்டு அந்த டாரைச் சரிபாருங்கள். அப்போதும் 'பேட்' வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி இறக்குங்கள்.

மூன்றாம்பிறை:
கையொப்பம் சரியாக இருந்தாலும், மற்ற பாக்கேஜ்களில் டார்பாலும் ரெப்போவும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024-இல் எக்ஸ்இசட் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 டார்பால்களில் கிட்டில் இல்லாத ஒரு பில்டு ஃபைல் வழியாகத்தான் பின்கதவு (ரகசியமாக நுழைய வைக்கும் கோடு) உள்ளே வந்தது.

கர்சர்:
வெண்பலகை, கிட்டுக்கு மாறும்போது பழைய அடைவில் உள்ள டாட் கான்ஃபிக் ஃபைலை (உங்கள் பில்டு அமைப்புகள் இருக்கும் ஃபைல்) மறக்காமல் நகலெடுங்கள். கிட் அதைக் கண்டுகொள்ளாது, ரெப்போவில் வராது. புது மரத்தில் வைத்து ஓல்டுகான்ஃபிக் (பழைய அமைப்புகளை வைத்துக்கொண்டு புதியவற்றை மட்டும் கேட்பது) ஓட்டிவிட்டு பில்டு செய்யுங்கள்.