சிறிய கேபினெட், குறைந்த பட்ஜெட், விளையாட்டுக்கான கம்ப்யூட்டர்: எந்த மதர்போர்டு வாங்கலாம்?

மத்தூர்ப் பையன்:
அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறேன். முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். வேலோரன்ட், மைன்கிராஃப்ட், நேரம் கிடைத்தால் ஜி.டி.ஏ. 5, அவ்வளவுதான் என் ஆசை. கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு இல்லை. பணம் சேர்ந்தால் அடுத்த வருடம். மாமாவின் அலுவலகத்தில் கழித்த சிறிய கேபினெட் ஒன்று கிடைத்திருக்கிறது. அம்மாவின் தையல் மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் உள்ள இடத்தில் அதற்கு மேல் பெரியது நுழையாது.

கடையில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். முதலாவது, மூன்றாம் தலைமுறை ஐ7 பிராசஸருடன் 'புத்தம் புதிய' எச்61 போர்டு. விலை மிகவும் குறைவு, ஆனால் போர்டின் கம்பெனிப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இரண்டாவது, ரைசன் 5 5600ஜி (கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கும் பிராசஸர்), ஏ520 மைக்ரோ ஏ.டி.எக்ஸ் (நடுத்தர அளவு) போர்டு, 16 ஜிபி ரேம் ஒன்று. மூன்றாவது, அதே பிராசஸருக்கு பி550 மினி ஐ.டி.எக்ஸ் (அதைவிடச் சிறிய அளவு) போர்டு. இந்தப் போர்டு மட்டுமே ஏ520-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. "கேபினெட் சிறியது, மூன்றாவதுதான் பொருந்தும்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?

ஓசூர் இரவுப்பணி:
தம்பி, முதலாவதை இப்போதே மறந்துவிடுங்கள். எச்61 சிப்செட் (போர்டை இயக்கும் துணைச் சில்லு, ஏ520, பி550 என்பவையும் அப்படித்தான்) 2011-ஆம் ஆண்டுச் சரக்கு. அந்த ஐ7 வந்தது 2012-இல். பழைய போர்டில் இருந்து பிடுங்கிய சிப்பைப் புதிய பலகையில் ஒட்டி விற்பதற்குப் பெரும்பாலும் 'புத்தம் புதியது' என்று பெயர். அது கூடப் போகட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏற்காது. குறுக்கு வழியில் ஏற்றினாலும், விண்டோஸ் 11-இல் வேலோரன்ட் ஓட டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம். நீங்கள் முதலில் எழுதிய விளையாட்டே திறக்காது.

மற்ற இரண்டில் எது என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், கேபினெட்டிடம் கேளுங்கள். பின்பக்கம் கார்டு செருகும் நீளப் பட்டைகள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். இரண்டுதான் என்றால் மினி ஐ.டி.எக்ஸ். நான்கு இருந்தால் மைக்ரோ ஏ.டி.எக்ஸ் தாராளமாக உட்காரும். உள்ளே டேப் வைத்தும் அளந்துவிடுங்கள். மைக்ரோவின் உச்ச அளவு 24.4 சென்டிமீட்டர் சதுரம், மினி 17 சென்டிமீட்டர். விலை குறைந்த மைக்ரோ போர்டுகள் பலவும் அந்த முழு அகலத்துக்குக்கூட வருவதில்லை.

இன்னொன்று, அது பிராண்டட் கம்ப்யூட்டரின் கேபினெட்டா, அசெம்பிள் செய்ததா? பிராண்டட் என்றால் பவர் பட்டன் ஒயர் முதல் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். வரை எல்லாம் அவர்கள் வைத்த சட்டமாக இருக்கும்.

மத்தூர்ப் பையன்:
நன்றி அண்ணா. அசெம்பிள் செய்ததுதான். பின்னால் நான்கு பட்டைகள். போர்டு உட்காரும் தகடு 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் பி550 புதியது, வேகம் அதிகம், பின்னாளில் கார்டு போட அதுதான் நல்லது என்கிறாரே?

அரூர்க்காரி:
உங்கள் பிராசஸருக்கு அந்தப் பேச்சு பொருந்தாது. பி550-இன் பெருமை கார்டு செருகும் இடத்தில் பி.சி.ஐ.இ. 4.0 (கார்டுக்கும் பிராசஸருக்கும் இடையிலான இணைப்பின் தலைமுறை) கிடைப்பது. ஆனால் 5600ஜி பிராசஸர் 3.0 வரைக்கும்தான் தரும். எந்தப் போர்டில் வைத்தாலும் அந்த இடம் 3.0-ஆகத்தான் ஓடும். பிறகு எதற்குக் கூடுதல் காசு? ஏ520-இல் பிராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) முடியாது, உண்மை. 65 வாட் பிராசஸரைச் சிறிய கேபினெட்டுக்குள் அடைத்துவிட்டு ஓவர்கிளாக் செய்யப்போகிறீர்களா என்ன! ரேமின் வேகத்தை உயர்த்த ஏ520-உம் விடும், உங்களுக்கு அதுதான் முக்கியம்.

அடுத்த வருடம் கார்டு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்ற 4 ஜிபி கார்டுகள் நான்கு லேன் (தரவு ஓடும் பாதை) மட்டுமே பயன்படுத்துபவை. 3.0-இல் போட்டால் நன்றாகவே சுருங்கிப்போகும். எட்டு அல்லது பதினாறு லேன் உள்ளதாகப் பாருங்கள். கார்டின் நீளம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே அளந்துகொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது அந்த ஒற்றை 16 ஜிபி ரேமைப் பார்த்துத்தான். தனி கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கும் இதே ரேம்தான். ஒரு டி.டி.ஆர்.4 3200 ரேம் நொடிக்கு 25.6 ஜிபி தரும். இரண்டு சேனலிலும் (ரேமுக்கான பாதை) ஒன்றொன்று இருந்தால் 51.2. விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இது. இரண்டு 8 ஜிபியாகக் கேளுங்கள். "பிறகு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள், அந்தப் பிறகு வரவே வராது. முதல் முறை ஆன் செய்ததும் பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரை) போய் ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி.-ஐ இயக்குங்கள். இல்லாவிட்டால் 3200-க்குக் காசு கொடுத்த ரேம் 2400-லோ 2666-லோ ஓடிக்கொண்டிருக்கும், யாரும் வந்து சொல்லமாட்டார்கள்.

பாலக்கோடு வாசி:
எல்லோரும் 5600ஜி உட்காரும் பழைய ஏ.எம்.4-ஐயே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது 2017-இல் ரைசனோடு பரவிய சாக்கெட், அதாவது பிராசஸரைப் பொருத்தும் இடம். அதற்கு அடுத்து வந்த ஏ.எம்.5-க்கு ஏ620 மைக்ரோ போர்டுகள் இருக்கின்றன. நாலு வருடம் கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே.

அரூர்க்காரி:
கணக்கு சரிதான் ஐயா, பணம் இருந்தால். ஏ.எம்.5 டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே ஏற்கும், பட்ஜெட்டில் இடி விழுவது அங்கேதான். அந்த வரிசையில் விலை குறைந்த 8500ஜி-யில் கிராபிக்ஸ் கார்டுக்கு நான்கு லேன்தான் வருகிறது. 8600ஜி-க்குப் போனால் தம்பியின் பட்ஜெட் தாண்டிவிடும்.

பாலக்கோடு வாசி:
நான்கு லேன் விஷயம் எனக்குப் புதிது. இருந்தாலும் பட்ஜெட் கொஞ்சம் நீளுமானால் ஏ.எம்.5 என்பதே என் கட்சி.

ஓசூர் இரவுப்பணி:
வாங்கும்போது போர்டுப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ரைசன் 5000-க்குத் தயார் என்று ஒரு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். ஏ520 வந்தது 2020-இல், 5600ஜி அதற்கு அடுத்த ஆண்டு. வெகுநாள் கிடந்த போர்டாக இருந்தால் பழைய பயாஸ் இந்தப் பிராசஸரை அடையாளம் காணாது, திரை கறுப்பாகவே நிற்கும். கடையிலேயே ஒரு முறை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிராசஸர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் கறுப்புச் சதுரச் சில்லுகள் வரிசையாக இருக்கும், மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பவை. அவற்றின் மேல் அலுமினியத் தகடு உள்ள மாடலும் இல்லாத மாடலும் உண்டு. காற்றோட்டம் குறைந்த கேபினெட்டுக்குத் தகடு உள்ளதை எடுங்கள், சில நூறு ரூபாய்தான் கூடும்.

பொருத்தும்போது, போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களைப் போர்டின் ஓட்டைகளோடு ஒப்பிடுங்கள். ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்றால் அடியில் ஷார்ட் ஆகிவிடும். பழைய கேபினெட்டில் இது சகஜம்.

மாமா கொடுத்ததில் எஸ்.எம்.பி.எஸ். இருந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டு 80 பிளஸ் என்ற மின்திறன் முத்திரை உள்ளதாக ஒன்று வாங்குங்கள். மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் நம் பக்கம் விளக்கு மங்குவது உங்களுக்கும் தெரியும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மத்தூர்ப் பையன்:
முடிவு செய்துவிட்டேன். ஏ520 மைக்ரோ, 5600ஜி, இரண்டு 8 ஜிபி. பெங்களூரு எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் சந்தையில் வாங்கினால் மிச்சம் ஆகுமா? வைஃபை இல்லாத போர்டுதான் பட்ஜெட்டில் வருகிறது, பரவாயில்லையா?

பாலக்கோடு வாசி:
கிருஷ்ணகிரியில் இருந்து 90 கிலோமீட்டர்தானே, போய் வரலாம். ஜி.எஸ்.டி. எங்கும் அதே 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். போர்டின் வரிசை எண் பில்லில் ஏறவேண்டும், வாரண்டிக்கு அதைத்தான் கேட்பார்கள். போய்வரும் செலவையும் ஏதாவது பழுதானால் மறுபடி அலைவதையும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் சில நூறுதான் என்றால் உள்ளூரிலேயே வாங்குங்கள்.

அரூர்க்காரி:
வைஃபைக்காக விலை கூடிய போர்டு வேண்டாம். ரூட்டர் அதே அறையில் என்றால் நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள், வேலோரன்டுக்கு அதுவே மேல். அடுத்த அறை என்றால் யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் போதும், 5 கிகாஹெர்ட்ஸ் உள்ளதாகப் பாருங்கள். அதைப் பின்பக்க யு.எஸ்.பி.-யில் நேரடியாகச் செருகினால் பீரோ சிக்னலை மறைக்கும். ஒரு நீட்டிப்பு ஒயர் போட்டு மேலே வைத்துவிடுங்கள்.