பாத எலும்பு விரிசலுக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்குவது எப்படி? காவலர் உடற்தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாகிறேன், வழிகாட்டுங்கள்

கேள்வி: கால்வாய்க்கரை (சேரன்மகாதேவி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 23. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வின் எழுத்துப் பகுதியை முடித்துவிட்டு, உடற்தகுதித் தேர்வுக்காகக் காலையில் கன்னடியன் கால்வாய்க் கரையிலும், மாலையில் பத்தமடை செல்லும் தார்ச்சாலையிலும் ஓடிவந்தேன். வலது பாதத்தின் மேற்பக்கத்தில், இரண்டாம் விரலுக்கு நேர் பின்னால் வலி தொடங்கியது. ஓட்டத்தின் கடைசியில் மட்டும் வந்துகொண்டிருந்த வலி, பிறகு நடக்கும்போதும், கடைசியில் படுத்திருக்கும்போதும் விடாமல் இருந்தது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் வீட்டில் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். சில வாரங்கள் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்தான் இரண்டாவது பாத எலும்பில் மயிரிழை விரிசலும் அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்வதும் தெரிந்தன. ஆறு வாரம் கெட்டியான அடிப்பாகம் உள்ள காலணியுடன் ஓய்வில் இருக்கச் சொன்ன மருத்துவர், இப்போது மெதுவாகத் தொடங்கலாம் என்கிறார்.

மெதுவாக என்றால் எவ்வளவு? எந்தத் தரையில் தொடங்குவது? வலது கெண்டைக்கால் இடதைவிட மெலிந்து தெரிகிறது. அரைமணி நேரம் நடந்துவிட்டு வந்தால் இரவில் பாதத்தில் மெல்லிய வலி இருக்கிறது. இது இயல்பானதா? உடற்தகுதித் தேர்வின் தேதி எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால் மனம் பொறுக்கவில்லை.

பதில்: பாளை இயன்முறை

தம்பி, நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்டாகப் பணிபுரிகிறேன். காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஓடும் பிள்ளைகளுக்கு இந்த விரிசல் வருவது புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே நெடுந்தூரம் அணிவகுத்துச் சென்ற படைவீரர்களின் பாதங்களில் இது கண்டறியப்பட்டது. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமற்போனதிலும் வியப்பில்லை. விரிசலைச் சுற்றிப் புது எலும்பு படியத் தொடங்கிய பிறகே எக்ஸ்ரேயில் அது தெரியும் என்பதால், முதல் இரண்டு மூன்று வாரங்களில் எடுக்கும் படம் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றே காட்டும். எம்.ஆர்.ஐ. தொடக்கத்திலேயே காட்டிவிடும். இரண்டாவது, மூன்றாவது பாத எலும்புகளில் வரும் விரிசல் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்தில் நன்றாகக் கூடிவிடும். ஐந்தாவது பாத எலும்பின் அடிப்பகுதியிலோ, நடுப்பாதத்தில் உள்ள படகெலும்பிலோ வந்திருந்தால் இரத்த ஓட்டம் குறைவு என்பதால் நான் இவ்வளவு நம்பிக்கையாக எழுதமாட்டேன்.

ஓடுவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். நாற்காலியில் அமர்ந்து வலது பாதத்தை இடது முழங்கால்மேல் வைத்து, இரண்டாம் விரலின் அடியிலிருந்து கணுக்கால் நோக்கிப் பெருவிரலால் அழுத்திக்கொண்டே மெல்ல நகருங்கள். பாதம் முழுவதும் பரவலாகச் சோர்ந்திருப்பது வேறு. ஓரிடத்தில் மட்டும், விரல்நுனி அளவில், சுருக்கென்று வலிப்பது வேறு. முன்னது பல வாரம் வேலையில்லாமல் இருந்த தசையின் வலி; இரண்டு நாளில் தணிந்துவிடும். பின்னது எலும்பின் வலி. அது இருக்கும்வரை ஓட்டம் கூடாது.

அந்த வலி இல்லையென்றால், சமதரையில் அரைமணி நேரம் விரைந்து நடந்து, அன்றிரவும் மறுநாள் காலையும் பாதம் எப்படியிருக்கிறது என்று கவனியுங்கள். பல நாள் அவ்வாறு நடந்தும் வலி வராவிட்டால், வலது காலில் மட்டும் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கிப் பாருங்கள். இடது காலால் எத்தனை முறை முடிகிறதோ அதை வலது கால் நெருங்க வேண்டும். இருபதைத் தாண்டினால் நல்லது. கெண்டைக்கால் மெலிந்திருக்கிறது என்கிறீர்கள். அந்தத் தசை தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்காவிட்டால் அது பாத எலும்பின்மேல்தான் விழும் என்பதால், ஓட்டத்தைவிட இதற்கே இப்போது நான் முதலிடம் தருவேன். கடைசியாக, அதே காலில் நின்று சிறிதாகப் பத்து முறை குதித்தும் வலியில்லை என்றால் ஓடத் தொடங்கலாம்.

தொடக்கம் ஒரு நிமிட ஓட்டமும் நான்கு நிமிட நடையுமாக ஐந்து ஆறு சுற்றுகள், ஒருநாள் விட்டு ஒருநாள். வலியில்லாமல் ஒரு வாரம் கடந்தால் ஓட்டத்தை இரண்டு நிமிடமாக்கி நடையை மூன்றாகக் குறையுங்கள். தூரமும் வேகமும் ஒரே வாரத்தில் கூடவே கூடாது. தொடர்ந்து அரைமணி ஓடும் நிலை வந்த பிறகுதான் வேகம். உடைந்த வரப்பில் புதுமண் போட்டு அணைத்த மறுநாளே மடையை முழுவதும் திறந்துவிட நம் ஊர் விவசாயி எவரும் துணிவதில்லை அல்லவா? புது எலும்பும் அப்படித்தான் இறுக வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நிற்கச் சொல்லும் ஒரே குரலை அது அடக்கிவிடும். எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதையும் அந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் (அம்பாசமுத்திரம்)

மேலே கூறியவற்றோடு தரையைப் பற்றிச் சிலவற்றைச் சேர்க்கிறேன். கால்வாய்க் கரை மண் மென்மையாக இருந்தாலும், மாட்டுக் குளம்பு பதிந்த குழிகளும் ஒருபக்கச் சரிவும் பாதத்தைத் திருகும். தார்ச்சாலையின் ஓரமோ எப்போதும் சரிந்தே இருக்கும். தொடக்கத்துக்கு உங்கள் ஊரில் சமமான பள்ளி மைதானம் ஏதேனும் போதும். பாளையங்கோட்டைக்கு வர முடிந்தால் வ.உ.சி. மைதானத்தில் நடைப்பயிற்சி செய்வோருடன் சேர்ந்துகொள்ளலாம். வட்டத்தில் ஓடும்போது ஒரே திசையில் ஓடாமல் ஒருநாள் இடச்சுற்று, மறுமுறை வலச்சுற்று என மாற்றுங்கள். ஸ்பைக்ஸும் மெல்லிய கேன்வாஸ் ஷூவும் இப்போது வேண்டாம். எட்டி எட்டிக் கால் போடாமல், அடியைச் சற்றுக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டினால் ஒவ்வோர் அடியிலும் காலில் இறங்கும் அதிர்ச்சி குறையும்.

தேர்வைக் குறித்த உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. என் மாணவர்கள் பலரிடம் அதைப் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும், அதாவது 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. முறையாகப் பயின்ற இளைஞனுக்கு இது எட்டாத வேகம் அன்று. நெஞ்சின் தாங்குதிறனை மிதிவண்டியாலும் நீச்சலாலும் காத்துக்கொள்ளலாம்; தாமிரபரணியில் இறங்குவதென்றால் பாறையில் உந்திக் குதிக்காமல், இழுப்பில்லாத துறையில் நீந்துங்கள். அடுத்த கட்டத்தில் நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், கயிறு ஏறுதல் ஆகியவையும் உள்ளன. தாண்டி இறங்கும் பயிற்சியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள்.

பதில்: தென்காசி ஓட்டக்காரி

தம்பி, எனக்கு வந்தது குதிகால் அடியில் உள்ள தசைநார் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் உயிர் போகும். எனக்குச் சொன்ன சிகிச்சையில், சிறு வலியைப் பொறுத்துக்கொண்டே, கால்விரல்களின் கீழ்ச் சுருட்டிய துண்டை வைத்துக் குதிகாலை உயர்த்தும் பயிற்சி இருந்தது. அது தசைநாருக்கு உரியது. எலும்பு விரிசலுக்கு அந்தப் பொறுமை பொருந்தாது என்பதால், இணையத்தில் பாத வலி என்று தேடிக் கிடைப்பதை எல்லாம் செய்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: காலையில் வெறும் வயிற்றில் ஓடிவிட்டு மதியம்தான் சாப்பிடுகிறீர்களா? ஓடும் அளவுக்கு உணவு இல்லாவிட்டால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. பால், கேழ்வரகு, முள்ளோடு தின்னும் நெத்திலி எனச் சுண்ணாம்புச் சத்து சேரட்டும். வைட்டமின் டி அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை வாசிக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: பயிற்சிக் காலத்தில் மாதவிலக்கு நின்றுபோனால் அதை ஓட்டத்தின் பயன் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள், எலும்பு வலுவிழப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

கால்வாய்க்கரை:

மூவருக்கும் நன்றி. ஆம் அக்கா, ஓடிய நாள்களில் பதினொரு மணி வரை தேநீர் மட்டுமே, இனி மாற்றிக்கொள்கிறேன். பாளை அண்ணன் கூறியவாறு அழுத்திப் பார்த்தேன். மற்ற இடங்களில் ஒன்றுமில்லை. நடுவில் ஓரிடத்தில் மட்டும் இன்னும் சுருக்கென்கிறது, இடது பாதத்தில் அவ்வாறு இல்லை. அப்படியானால் இந்த வாரம் தொடங்க வேண்டாமா?

பாளை இயன்முறை:

வேண்டாம் தம்பி. இரவில் வரும் வலியும் இதுவும் ஒரே இடத்தில் என்றால், நடையையும் வலி வராத அளவுக்கு, பத்து நிமிடமாகக் குறைத்துக்கொண்டு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். அழுத்தினால் வலிக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு போங்கள். படத்தில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும். நீங்கள் ஓடிய பழைய ஷூவையும் எடுத்துச் செல்லுங்கள். முன்பாதத்தின் கீழே உள்ள அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்து, இரு கையால் பிடித்தால் துணிபோல் முறுக்க வருகிறது என்றால், மீண்டும் ஓடத் தொடங்கும்போது அதைப் போட வேண்டாம். அதுவரை உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தும் பயிற்சியை வலியில்லாத அளவில் செய்யலாம். மருத்துவர் கூறுவதை இங்கே எழுதுங்கள். அடுத்த வார அட்டவணையை அதை வைத்து வகுப்போம்.