ஆட்டுக்காரர்களுக்குச் சொன்ன சம்மனசு மீன்காரர்களுக்கு ஏன் சொல்லவில்லை?

தங்கச்சிமடம் டீச்சர் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். நாலாவது, அஞ்சாவது படிக்கிற பிள்ளைகள். பாதிப் பேருக்கு அப்பா கடலுக்குப் போகிறவர்.

கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலம் தொடங்கியதும், இயேசு பிறப்பைச் சொல்கிற லூக்கா நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை எடுத்தேன். சத்திரத்தில் இடமில்லை, தீவனத் தொட்டி, இடையர்கள், அவர்களுக்குச் செய்தி சொன்ன சம்மனசு, அதாவது வானதூதர். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்கு முன்னால் அவர்களே சொல்லி முடித்துவிடுகிறார்கள். அவர்களை என்ன சொல்ல? வாசிக்கிற எனக்கே மனசு முறுக்கு மாவிலும் தைக்கக் கொடுத்த துணியிலும்தான் இருந்தது. சில வருஷமாகவே எனக்குக் கிறிஸ்மஸ் என்றால் வேலைதான்.

அப்போது கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஆட்டுக்காரங்களுக்கு மட்டும் சம்மனசு வந்து சொல்லுச்சு. மீன்காரங்களுக்கு ஏன் சொல்லல?"

"பெத்லகேம் மலைமேல இருக்கிற ஊருப்பா, அங்க கடல் இல்ல" என்றேன்.

"அப்ப கடல்ல கிடந்தவங்களுக்கு யாரு சொன்னா?"

மொத்த வகுப்பும் நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கும் பதில் சொல்ல வரவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ராத்திரியில் ஒரு கதை எழுத ஆரம்பித்தேன். கதை இதுதான். பெத்லகேமில் பிள்ளை பிறந்த ராத்திரி, தூதர்கள் பாடின பாட்டு வயல்வெளியில் மட்டும் விழவில்லை, கடல்மேலும் விழுந்தது. மீன்களுக்குக் கேட்கவில்லை, அவை தண்ணீருக்குள்ளேயே இருக்கின்றன. மூச்சு வாங்க மேலே வந்த ஒரு ஆவுளியாவுக்குத்தான், அதாவது கடற்பசுவுக்குத்தான் கேட்டது. அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிற உயிர் இல்லையா, பிறந்த பிள்ளையைப் பற்றின பாட்டு அதற்குப் புரிந்தது. அது இன்னொரு ஆவுளியாவுக்குச் சொல்ல, அது ஆமைக்குச் சொல்ல, ஒவ்வொரு கடலாகத் தாண்டிச் செய்தி நம் கரைக்கு வருகிறது. இங்கே வாடைக் காற்றில் சிக்கி, ஒரு அப்பாவும் மகளும் வத்தை என்கிற சின்னப் படகில் தவிக்கிறார்கள். ஆவுளியாவுக்கு மனுஷப் பேச்சு வராது. தன் குட்டியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டுகிறது. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மொழி. மகள்தான் முதலில் புரிந்துகொள்கிறாள்: "அப்பா, எங்கயோ ஒரு பிள்ள பொறந்திருக்கு."

இதைக் கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சாயந்திரம், திருப்பலிக்கு முன்னால் பிள்ளைகளை வைத்து நடித்துக்காட்ட ஆசை. ஆனால் என் அத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: "வேதத்துல இல்லாததப் பிள்ளைங்களுக்குச் சொன்னா அது பொய்." அவர் முப்பது வருஷத்துக்கு மேல் இதே வகுப்பை எடுத்தவர். அவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மகள் அந்த வார்த்தையைச் சொல்கிற இடத்தை எழுதும்போது அழுதுவிட்டேன். கோவிலில் வராத கண்ணீர், நானே உண்டாக்கின கதையில் வந்தது. இது விசுவாசமா, வெறும் கதை தரும் சுகமா? கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை தமிழாசிரியர் (ஓய்வு):

உங்கள் அத்தை மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் வருஷா வருஷம் குடிலில் மாடும் கழுதையும் வைப்பார் அல்லவா? லூக்காவில் மாடும் இல்லை, கழுதையும் இல்லை. தீவனத் தொட்டி மட்டும்தான். தன் சொந்தக்காரனை மாடும், தன் ஆண்டவனின் தொட்டியைக் கழுதையும் அறியும் என்று எசாயா முதல் அதிகாரத்தில் வருகிறது. அங்கிருந்துதான் அவை குடிலுக்குள் நடந்துவந்தன. 1223இல் அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ ஊரில் வைத்த குடிலில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும்தான் நிறுத்தினார். பிள்ளையைப் பார்க்க வந்த ஞானிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவே இல்லை. காணிக்கைதான் மூன்று.

தமிழிலும் இது புதிதல்ல. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணியை முடித்தார். சூசையப்பரை, அதாவது மரியாளின் கணவர் யோசேப்பைத் தலைவனாக வைத்து 3615 பாடல்கள். நற்செய்தியில் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை, யோசித்துப் பாருங்கள். தேம்பாவணியில் அவர் கையில் இருந்த கோல் பூக்கிறது. யூதேயாவில் நெல் விளைகிறது, தாமரை மலர்கிறது. தமிழன் கண்ணுக்குப் பழகின நிலத்தில் அந்தக் குடும்பத்தை நடக்கவிட்டார். பிறகு கிருஷ்ண பிள்ளை. ஜான் பன்யன் எழுதிய பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. அதில் மனுஷனின் ஆசையும் பயமும் ஆட்களாக வந்து வழிமறிக்கும்.

வேதத்துக்கு உள்ளேயே ஒன்று இருக்கிறது. திருவெளிப்பாடு பன்னிரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். கதிரவனை உடுத்திய பெண், தலையில் பன்னிரண்டு விண்மீன்கள், பிரசவ வேதனையில் கதறுகிறாள். எதிரே ஏழு தலையுள்ள சிவப்பு அரக்கப் பாம்பு, பிள்ளை பிறந்ததும் விழுங்கக் காத்திருக்கிறது. நம் பெரியவர்கள் பலரும் இதைக் கிறிஸ்து பிறப்போடு சேர்த்தே வாசித்திருக்கிறார்கள். லூக்கா கீழிருந்து பார்த்து எழுதியதை யோவான் மேலிருந்து பார்க்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், யார் கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

கதையை நடத்துங்கள் அம்மா. தயங்காதீர்கள்.

ராமநாதபுரம் சண்டே ஸ்கூல் அக்கா:

சகோதரி, ஸ்தோத்திரம். நான் சி.எஸ்.ஐ. என்கிற புரொட்டஸ்டன்ட் சபை. ஐயா சொன்ன அதே மூன்று ஞானிகளை வைத்துத்தான் நான் எதிர்ப்பக்கம் பேசப்போகிறேன். சண்டே ஸ்கூலில் "சாஸ்திரிகள் எத்தனை பேர்?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் மூன்று என்று கத்துகிறார்கள். வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது என்று சத்தியம் பண்ணுகிறார்கள். கலந்து சொன்னதன் பலன் அது.

இதைவிடப் பெரிய பயமும் உண்டு. கிறிஸ்மஸ் தாத்தா நிஜமாக வருவார் என்று சொல்லி வளர்த்த ஒரு பையன் எங்கள் வகுப்பில் இருந்தான். ஏழு வயதில் உண்மை தெரிந்தது. அடுத்த வாரம் என்னிடம் வந்து, "அக்கா, இயேசப்பாவும் அப்படித்தானா?" என்றான். அவன் முகத்தை என்னால் மறக்க முடியாது. கதையைக் கேட்டதால் அவனுக்கு அந்த நிலை வரவில்லை. கதையைக் கதை என்று யாருமே அவனுக்குச் சொல்லாததால் வந்தது.

அதனால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், எல்லை வையுங்கள் என்கிறேன். உங்கள் ஆவுளியா கடலில் இருக்கட்டும், வாடையில் இருக்கட்டும். பிள்ளை கிடந்த முன்னணைக்கு, அந்தத் தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வரவேண்டாம். மரியாளும் யோசேப்பும் உங்கள் வசனம் ஒன்றும் பேசவேண்டாம். தொடங்கும்போது, "இது நம்ம டீச்சர் கட்டின கதை" என்று ஒரு பிள்ளை வாயாலேயே சொல்லவையுங்கள். கதை முடிந்ததும் மேடை விளக்கை அணைத்து, வேதாகமத்தைக் கையில் எடுத்து, லூக்காவை இருக்கிறபடி வாசியுங்கள். எது மனுஷர் சொன்னது, எது சுவிசேஷம் என்று பிள்ளைகளின் காதுக்கே தெரிந்துவிடும்.

அழுததைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஆவுளியாவுக்காகவா அழுதீர்கள்? பிறந்த பிள்ளைக்காகத்தானே.

பாம்பன் தம்பி (இப்போ மஸ்கட்):

அக்கா, உங்க கதையைப் படிச்சதும் ஊருக்குப் போயிட்டு வந்த மாதிரி இருந்தது. கடல் பக்கம் சில விஷயம் சொல்கிறேன்.

வாடைக்காலத்தில் வடகடல்தான் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும். தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கிக் கிடக்கும். அதனால் அப்பாவும் மகளும் வடகடலில்தான் மாட்டியிருக்கணும். ஆவுளியாவும் அந்தப் பக்கம் உண்டு. கடற்புல் இருக்கிற இடத்தில்தான் அது மேயும். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் மேலே நீட்டி ஒரு பெருமூச்சு விடும். காற்று அடங்கின ராத்திரியில் அந்தச் சத்தம் நல்லாவே கேட்கும். முதல் தடவை கேட்டால் பக்கத்தில் ஆள் யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்துவிடுவோம். மகளுக்கு முதலில் அந்தச் சத்தம்தான் கேட்கணும். குட்டியைத் தூக்கிக் காட்டுவது அப்புறம்.

கடலை ரொம்ப இனிமையாக எழுதிவிடாதீர்கள். என் அம்மாச்சி தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் வந்தது, விடிந்தால் 23. பாம்பனில் இருந்து போன ரயிலையே ஆட்களோடு கடல் கொண்டுபோனது. கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது. அங்கே கூரை இல்லாமல் நிற்கிற கோவில் சுவரை எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். அம்மாச்சி டிசம்பர் பிறந்தால் கடல் பக்கம் திரும்பமாட்டார். உங்கள் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களில் அப்படிப் பெரியவர்கள் இருப்பார்கள். அந்தப் பயமும் கதைக்குள் இருந்தால்தான் "பிள்ள பொறந்திருக்கு" என்ற வார்த்தை அவர்களுக்கும் சேரும்.

அப்புறம், அந்தப் பையனுக்கு என் பதில். ஆட்டுக்காரர்களுக்குத் தூதரை அனுப்பினார். மீன்காரர்களிடம் ஆள் அனுப்பவில்லை, வளர்ந்து பெரியவராகி அவரே நேரில் கரைக்கு வந்தார். மாற்கு முதல் அதிகாரம். சீமோனும் அந்திரேயாவும் வலை வீசிக்கொண்டிருந்தார்கள். யாக்கோபும் யோவானும் படகில் உட்கார்ந்து வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த யாக்கோபு யார்? உங்க ஊர் கோவிலில் குதிரைமேல் இருக்கிறாரே, நம்ம சந்தியாகப்பர், அவர்தான். ஜூலையில் எல்லாச் சாதி மதத்துக்காரரும் வந்து கும்பிடுகிற அந்த வீரர், கிழிந்த வலையோடு உட்கார்ந்திருந்த ஒரு மீன்காரர். அந்தப் பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள் அக்கா.

மண்டபம் நர்ஸ்:

சின்னதாக ஒன்று. சி.எஸ். லூயிஸ் 1950இல் எழுதிய நார்னியாவின் முதல் கதையில், என்றைக்கும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்மஸ் மட்டும் வராது. சூனியக்காரியின் பிடி தளரும்போது கிறிஸ்மஸ் தாத்தா வந்து பிள்ளைகளுக்கு வாள், வில், காயத்துக்கு மருந்து எல்லாம் கொடுக்கிறார். விளையாட்டுச் சாமான் கிடையாது, போராடத் தேவையானவை. இயேசு என்ற பெயர் கதையில் எங்கும் வராது, ஆனாலும் யாரைப் பற்றின கதை என்று தெரியும். அவர் நண்பர் டோல்கீன் கத்தோலிக்கர். கிறிஸ்து பிறந்ததுதான் மனுஷ சரித்திரத்துக்குக் கிடைத்த எதிர்பாராத நல்ல திருப்பம், மாயக்கதைகள் ஏங்குகிற அந்த முடிவு அங்கே உண்மையாகவே நடந்துவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். நைட் டூட்டியில் அதைப் படித்தேன். அந்த வருஷம் குடிலுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அதனால் உங்கள் கண்ணீரைச் சந்தேகப்படாதீர்கள்.

நம் கரையில் பனி கிடையாது. கிறிஸ்மஸே வராத குளிர்காலத்துக்கு இங்கே என்ன வைப்பீர்கள்?

தங்கச்சிமடம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதில்களை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மாடு, கழுதை விஷயத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சண்டே ஸ்கூல் அக்கா எழுதினதை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். கடைசியில், "லூக்காவ நான் வாசிக்கிறேன்" என்றார். இதைவிட நல்ல சம்மதம் எனக்கு வேண்டாம். மேடையில் குடில் இருக்காது. கதை கடலிலேயே முடியும். அதற்குப் பிறகு அத்தை வேதத்தோடு எழுந்து வருவார்.

நர்ஸ் சிஸ்டர், நீங்கள் கேட்டது எனக்கு உடனே பிடிபட்டது: புயல் கூண்டு. பாம்பனில் ஏற்றின கூண்டு இறங்கவே இறங்காத ஒரு வருஷம். கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, யாரும் போகமுடியாது, வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது நன்றாகத் தெரியும், வீட்டில் அடுப்புக்கே தெரியும். தடையை மீறி அந்த அப்பா ஏன் வத்தையை இறக்கினார் என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. தனுஷ்கோடியில் தப்பி வந்த ஒரு பாட்டியையும் சேர்க்கிறேன். வத்தையைக் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்தான், முதலில் அந்தப் பக்கம் திரும்பவே மறுப்பார்.

சந்தியாகப்பர் விஷயத்தை அந்தப் பையனிடம் சொன்னேன். "குதிர அப்பறம்தான் வந்துச்சா டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். நாடகத்தில் அப்பா வேஷம் தனக்குத்தான் வேண்டும் என்கிறான். கிழிந்த வலை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவருகிறானாம்.

பாம்பன் தம்பி, மகளுக்கு முதலில் மூச்சுச் சத்தம் கேட்கிற இடத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். முடித்ததும் அனுப்புகிறேன். காற்று, நீரோட்டம், பாய் இறக்குவது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். ஒத்திகை சனிக்கிழமை.

பாம்பன் தம்பி (இப்போ மஸ்கட்):

அனுப்புங்க அக்கா. இங்கே வெள்ளிக்கிழமை லீவுதான், அன்றைக்கே பார்த்துவிடுகிறேன். வாடை ஏறிவிட்டால் பாயை முழுசாக இறக்கிவிடுவார்கள், அதை மட்டும் இப்பவே மாற்றிக்கொள்ளுங்கள்.