இளையவரின் வரைவில் நாம் கைவைக்கலாமா? (மருத்துவர்கள் மூவர் புனைபெயரில் பேசிக்கொண்டது)

இரண்டாம்வரைவு:
துறைக்குப் புதிதாக வந்தவர்களின் ஆய்வுக் கட்டுரையை நான் இப்போது திருத்தித் தருவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்துக் கேள்விதான் கேட்கிறேன். சென்ற வாரம் ஒரு முதுநிலை மாணவியின் வரைவில் 'பெரும்பாலான நோயாளிகளிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்பட்டது' என்றிருந்தது. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "என்ன நடந்தது என்று வாயால் சொல்லம்மா" என்றேன். "48 பேரில் 31 பேர் மூன்றாம் நாளே வலி மாத்திரை இல்லாமல் நடந்தார்கள், டாக்டர்" என்றார். "அதையே எழுது" என்றேன். நானே எழுதிக் கொடுத்திருந்தால், அடுத்த கட்டுரையிலும் அதே 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' வந்து நிற்கும்.

அறுவைஅரங்கு:
ஒரு வாக்கியத்துக்கே இவ்வளவு நேரம் என்றால் மூவாயிரம் சொல் கட்டுரைக்கு? காலையில் வார்டு, மதியம் அறுவை சிகிச்சை, இரவில் டியூட்டி. எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது என் பேராசிரியரின் சிவப்பு மை. ஒவ்வொரு திருத்தத்தையும் நோட்டில் எழுதிவைத்து, ஏன் மாற்றினார் என்று யோசிப்பேன். நல்ல வாக்கியத்தையே பார்த்திராதவரிடம் கேள்வி கேட்டு என்ன பயன்? எழுதும் முன்பே சரிபார்ப்புப் பட்டியலைக் கையில் கொடுங்கள். நோக்காய்வுகளுக்கு, அதாவது தலையிடாமல் கவனித்துப் பதிவுசெய்யும் ஆய்வுகளுக்கு, 'ஸ்ட்ரோப்' என்ற பட்டியல் 2007 முதல் இருக்கிறது, 22 அம்சங்கள். உங்கள் கேள்விகளில் பாதி அதிலேயே உண்டு.

முதல்கட்டுரை:
ஐயா, உங்களுக்கு வந்தது கையால் திருத்திய தாள். எனக்கு வந்தது கணினிக் கோப்பு. திறந்தால் என் வாக்கியம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எல்லா மாற்றங்களையும் ஒரே சொடுக்கில் ஏற்றுக்கொண்டேன். பிறகு விவாதப் பகுதியின் ஒரு வரிக்கு இதழின் மதிப்பாய்வாளர் விளக்கம் கேட்டார். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த அவமானம் இன்னும் போகவில்லை.

இரண்டாம்வரைவு:
நான் அஞ்சுவது இதைத்தான். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2013இல் நான்காவது நிபந்தனையைச் சேர்த்தது: ஆசிரியராகப் பெயர் போடுகிறவர் ஆய்வின் எல்லா அம்சங்களுக்கும் பதில் சொல்லப் பொறுப்பேற்க வேண்டும். வேறொருவர் எழுதிய வரிக்கு அந்தப் பிள்ளை எப்படிப் பொறுப்பேற்கும்?

அறுவைஅரங்கு:
அதே குழு அன்று வைத்திருந்த இரண்டாவது நிபந்தனையையும் படியுங்கள், டாக்டர். வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் கருத்தை ஆராய்ந்து திருத்தியிருக்க வேண்டும். கேள்வி மட்டும் கேட்ட உங்கள் பெயர் கட்டுரையில் எந்த உரிமையில் வருகிறது?

இரண்டாம்வரைவு:
ஒரு வரைவில் 'குணமடைந்ததற்கு இச்சிகிச்சையே காரணம்' என்றிருந்தது. "இச்சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு எங்கே?" என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து, முடிவுரையையே மாற்றிக்கொண்டு வந்தார். கருத்தைத் திருத்துவது இது இல்லையென்றால் வேறு எது?

அறுவைஅரங்கு:
அது திருத்தம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவப்பு மையை விடமாட்டேன். முதல்கட்டுரை, உங்களுக்கு நடந்தது தவறு. இனி முதல் இரண்டு பத்திகளை மட்டும் திருத்துகிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓரத்தில் காரணம் எழுதுகிறேன். மீதியை அவர்களே அதேபோல் திருத்தட்டும்.

முதல்கட்டுரை:
அந்த ஓரக் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், ஐயா, மதிப்பாய்வாளருக்கு அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன்.